பிளாஸ்திரிக்கு அடியில் ஒரு பீர்க்கங்கொடி

என் எஸ்தர் கண்ணுக்கு,

போட்டுவிட்டேன். முதலில் உன்னிடம்தான் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல நீ இல்லாததால் எழுதுகிறேன். நம்மைப் போல ஒரு பக்கத்தை ஆபரேஷனில் கொடுத்துவிட்டு வந்த பெண்கள் யாராவது படித்தால் அவர்களுக்கும் ஆகட்டும் என்று, நாலு பேர் பார்க்கிற இடத்திலேயே எழுதுகிறேன். உனக்குச் சம்மதம்தானே? உனக்கு எதிலும் ஒளிவுமறைவு கிடையாது. எனக்குத்தான் எல்லாவற்றுக்கும் கதவு சாத்தியிருக்க வேண்டும்.

இடது பக்கம், மார்பு இருந்த இடத்தில், தழும்பின் மேலேயே பச்சை குத்திய ஒரு பீர்க்கங்கொடி போகிறது. நெஞ்சின் நடுவில் தொடங்கி அக்குள் வரைக்கும். நாலைந்து இலை, இரண்டு மஞ்சள் பூ, நுனியில் சுருண்ட பற்றுக்கம்பி. தழும்பு நேராக இல்லாமல் ஓரிடத்தில் மேடும் ஓரிடத்தில் பள்ளமுமாகத்தானே கிடந்தது? கொடி என்றால் அப்படித்தான் போகும், அதனால் பொருந்திவிட்டது. நீ உனக்குப் போட ஆசைப்பட்ட மீனை நான் போடவில்லை. அது உன்னுடையது.

உனக்கு ஞாபகம் இருக்கும். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு முன்னால் கீமோ ஏறிக்கொண்டிருக்கிற நேரம், பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அதற்கு முன்னால் நமக்குள் என்ன பழக்கம்? நீ தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து பூண்டியில் குடியிருந்த ஓவர்லாக் டெய்லர். நான் நெருப்பெரிச்சல் ஊர்க்காரி, பனியன் கம்பெனியில் செக்கிங். இரண்டு பேரும் திருப்பூர் என்று தெரிந்ததும் நீ பேச ஆரம்பித்தாய், அப்புறம் நிறுத்தவேயில்லை. ஒருநாள் போனை என் பக்கம் திருப்பி ஒரு படம் காட்டினாய். ஏதோ ஒரு வெளிநாட்டுப் பெண், மார்பை எடுத்த தழும்பு முழுக்கப் பூவாகப் பச்சை குத்தியிருந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“யக்கா, நல்லாப் பாருங்க” என்றாய். “ஆப்பரேசன் முடிஞ்சு எல்லாம் ஆறட்டும், நாம ரெண்டு பேரும் போட்டுக்கிடுவோம். டாக்டரு கீறுனதோட அப்படியே விட்டுட்டா, அது அவரு கையெழுத்தாவுல்லா இருக்கும்.”

அந்தப் பேச்சு எனக்குள் எங்கேயோ கிடந்திருக்கிறது. உனக்கு ஈரலில் திரும்ப வந்தது. நீ போய்விட்டாய். எனக்கு ஒவ்வொரு பரிசோதனையிலும் ஒன்றுமில்லை என்றே வந்தது. ஏன் உனக்கு அப்படி, எனக்கு இப்படி? ஸ்கேன் எடுத்துவிட்டு பஸ்ஸில் வரும்போதெல்லாம் கேட்டுக்கொள்வேன்.

போன தடவை செக்கப்புக்குப் போனபோது டாக்டரம்மாவிடம் நானே கேட்டேன், இந்தத் தழும்பின் மேல் டாட்டூ போடலாமா என்று. எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். சிரிக்கவில்லை. மேல்சட்டையை நீக்கச் சொல்லி, தழும்பையும் கையில் வீக்கம் இருக்கிறதா என்பதையும் பார்த்தார். எனக்குக் கரண்டு, அதுதான் ரேடியேஷன், வைக்காததால் தோல் நன்றாக இருக்கிறது, போடலாம், ஆனால் கைப்பக்கம் ஊசி போகக் கூடாது, புண் ஆறும்வரை சுத்தம் முக்கியம், காய்ச்சலோ சீழோ வந்தால் உடனே வர வேண்டும் என்றார். உனக்குக் கரண்டு வைத்திருந்தார்கள். உனக்கு இவ்வளவு சுலபமாகச் சரி என்று சொல்லியிருப்பார்களோ, என்னவோ.

கடையைக் கண்டுபிடித்தது உன் மகள் ஷைனி. பெரியம்மா பெரியம்மா என்று இன்னும் அதே குரலில்தான் கூப்பிடுகிறாள். ஒரு பையிங் ஆபீஸில் வேலை. கம்ப்யூட்டரில் ஆர்டர் பார்க்கிறாள், உன்னை மாதிரியே சாப்பாட்டு நேரத்தை மறந்துவிடுகிறாள். நிவேதா என்று ஒரு பெண், அவினாசி ரோட்டிலிருந்து பிரிகிற சந்தில் மாடியில் கடை வைத்திருக்கிறாள். வெயில் காலத்தில் வேண்டாம், வேர்த்தால் பிளாஸ்திரி நிற்காது என்று மார்கழி கடைசியில் வரச் சொன்னாள். பொங்கலுக்குக் கம்பெனியும் லீவு. எனக்கும் தோதாகப் போயிற்று.

வீட்டில் சொன்னேன். நீ “அத்தான், அத்தான்” என்று கூப்பிட்டுக் கூச்சப்பட வைப்பாயே, அந்த மனுஷனிடம். நிட்டிங் மிஷின் ஃபிட்டருக்குப் பேச்சு குறைவு என்பது உனக்குத் தெரியும். அன்றைக்கும் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

“அந்த ஒடம்ப இன்னுமா குத்தோணும்? இத்தன நாள் குத்துனது பத்தலையா புள்ள?”

வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு மேல் ஒன்றும் கேட்கவுமில்லை. என்ன படம், எந்த இடம் என்றுகூடக் கேட்கவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு அவர் அந்த இடத்தைப் பார்த்ததே கிடையாது. நான் காட்டியதும் இல்லை. குளித்துவிட்டு வந்தால் கதவைச் சாத்தித்தான் துணி மாற்றுவேன். அவர் அந்தப் பக்கம் நின்று தொண்டையைச் செருமிவிட்டுப் போய்விடுவார். வருஷக்கணக்கில் அப்படியே பழகிப்போயிற்று.

ஊசி நான் பயந்த அளவு இல்லை. தழும்பைச் சுற்றி எனக்கு உணர்ச்சியே கிடையாது அல்லவா? நடுவில் குத்தும்போது மிஷின் சத்தம் மட்டும்தான் கேட்டது. ஓரத்துக்கு, நெஞ்செலும்புப் பக்கம் வந்தபோதுதான் உயிர் போயிற்று. ஷைனி என் கையைப் பிடித்துக்கொண்டு போனில் ஆபீஸ் மெயிலுக்குப் பதில் போட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும் நிவேதா கழுவித் துடைத்துவிட்டுக் கண்ணாடி மாதிரி மெல்லிசாக ஒரு பிளாஸ்திரியை ஒட்டினாள். பெரிசு. நெஞ்சிலிருந்து அக்குளைத் தாண்டி முதுகுப் பக்கம் கொஞ்சம் திரும்புகிற வரைக்கும். தண்ணீர் உள்ளே போகாது, காற்று மட்டும் போகும், புண் தன் ஈரத்திலேயே ஆறும் என்றாள். முதல் பிளாஸ்திரியை மறுநாளே மாற்ற வேண்டும், இரண்டாவது பிளாஸ்திரி ஓரம் கிளம்பாமல் இருந்தால் நாலைந்து நாள் கிடக்கலாம். சொறியக் கூடாது, வெயில் கூடாது, இறுக்கமான உள்ளாடை கூடாது. எண்ணெய், மஞ்சள் எதுவும் கிட்டே வரக் கூடாது.

மறுநாள் காலையில் குனிந்து பார்த்தால் பிளாஸ்திரிக்குள் கறுப்பாகத் தண்ணீர் கட்டிக் கிடந்தது. நான் நடந்தால் அதுவும் அசைகிறது. ஆபரேஷன் முடிந்து விலாவில் டியூப் வைத்து, ஒரு பாட்டிலைத் தொங்கவிட்டிருந்தார்களே, அந்த நினைப்பு வந்து கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு நீதான் பாட்டிலைத் தூக்கி அளவு பார்த்து, “நேத்தைக்கு இது கொறவுதான்” என்று சொன்னாய். இந்தத் தடவை ஷைனி வந்தாள். பயப்பட ஒன்றுமில்லை பெரியம்மா, மையும் நிணநீரும்தான் என்று சொல்லி, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு மெதுவாக எடுத்துவிட்டு, வாசனையில்லாத சோப்பில் கழுவி, நன்றாக உலர்ந்த பிறகு அடுத்ததை ஒட்டினாள். தோல் உலராமல் ஒட்டினால் நிற்காதாம். அது உலரும்வரை இரண்டு பேரும் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து உன்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

அன்றைக்கே அவள் தன் அப்பாவோடு ஊருக்குக் கிளம்பினாள். லீவுக்குத் திருப்பூரே காலியாகிற நாள், பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை என்று போன் செய்தாள்.

நான் வீட்டில் இருந்தேன். மார்பு இருந்த பக்கத்துக்கு நீ தைத்துக் கொடுத்த பஞ்சுப் பையை உள்ளாடைக்குள் வைக்க முடியவில்லை. கட்டிங்கில் விழுந்த நல்ல பனியன் துணியில் தைத்து, உள்ளே பஞ்சும், கனத்துக்குக் கேழ்வரகும் வைத்துக் கொடுத்தாயே, அதுதான். கடையில் விற்பதைவிட அதுதான் உடம்போடு நிற்கும். வெளியே போகும்போது அது இல்லாமல் நான் போனதே இல்லை. இப்போது ஒரு பெரிய காட்டன் டீ-சர்ட்டை மட்டும் மாட்டிக்கொண்டு, ஒரு பக்கம் தட்டையாகவே இருந்தேன். கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டால் துண்டை எடுத்து மேலே போட்டுக்கொண்டு போய்த் திறப்பேன்.

பொங்கலுக்கு வந்த ஊத்துக்குளி நாத்தனார் துண்டு விலகியபோது பிளாஸ்திரியின் ஓரத்தைப் பார்த்துவிட்டார். திரும்பவும் ஆபரேஷனா என்று பதறினார். இல்லை, பச்சை குத்தியிருக்கிறேன் என்றேன். அப்படியென்றால் புண்ணுக்கு வெண்ணெய் தடவினால் குளிர்ச்சி, அனுப்பி விடுகிறேன் என்றார். எதையும் தடவக் கூடாது என்று சொல்லியும் வெண்ணெய் வந்தது. தோசைக்கு ஆயிற்று.

அதற்குப் பிறகுதான் அரிப்பு ஆரம்பித்தது. ஆறுகிற புண் அரிக்கும் என்று நிவேதா சொல்லியிருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு, மேலாகத் தட்டிக்கொடுத்தேன். மாட்டுப் பொங்கலன்று சாயங்காலம் கண்ணாடியில் பார்த்தால், கொடி இருந்த இடத்தில் சிவப்பு எதுவுமில்லை, ஆனால் பிளாஸ்திரி ஒட்டிய ஓரம் நெடுகச் சிவந்து, வேர்க்குரு மாதிரி பொரிந்திருந்தது. அக்குள் மடிப்பில் பிளாஸ்திரி கிளம்பி உள்ளே ஈரம் கசிந்திருந்தது. இந்தப் பக்கத்தில் எது வந்தாலும் முதலில் எதை நினைப்போம் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா?

போட்டோ எடுத்து நிவேதாவுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள். காய்ச்சல் இருக்கிறதா, சீழ் இருக்கிறதா, நாற்றம் வருகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எதுவும் இல்லை என்றேன். பிளாஸ்திரி தொட்ட இடத்தில் மட்டும் அதே கட்டமாகச் சிவந்திருப்பதால் பசைதான் உடம்புக்கு ஆகவில்லை, இப்போதே எடுத்துவிடுங்கள், இனி ஒட்டவே வேண்டாம், சிவப்பு குறையாவிட்டால் காலையில் டாக்டரிடம் காட்டுங்கள் என்றாள். எடுக்கும்போது மேலே இழுக்கக் கூடாது, ஒரு கையால் தோலை அழுத்திக்கொண்டு, மறு கையால் பிளாஸ்திரியைப் பக்கவாட்டில் நீட்ட வேண்டும்.

அங்கேதான் சிக்கல். நெஞ்சுப் பக்கம் நானே எடுத்துவிட்டேன். அக்குளுக்குப் பின்னால் இரண்டு கை வேண்டும். என் இடது கை தன் அக்குளுக்கே எப்படி வரும்? கையைத் தூக்கினாலும் ஆபரேஷனுக்குப் பிறகு தோள் பாதிக்கு மேல் போவதில்லை. ஷைனி ஊரில். பக்கத்து வீடெல்லாம் பூட்டு. சென்னையில் இருக்கிற பையன் லீவுக்கு வரவில்லை, வந்திருந்தாலும் அவனிடம் கேட்கவா முடியும்? பாத்ரூமில் பாதி உரிந்த பிளாஸ்திரியோடு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. முன்னறையில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது.

துண்டைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தேன்.

“ஏனுங்க, ஒரு கை புடிக்கோணுங்க.”

திரும்பிப் பார்த்தார். “எதுக்கு?”

“பிளாஸ்திரி எடுக்கோணுங்க. எனக்கு எட்டலீங்க.”

அவர் எழுந்து வெளியே போனார். அவ்வளவுதான், போய்விட்டார் என்று நினைத்தேன். வாசல் குழாயில் தண்ணீர் சத்தம் கேட்டது. முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, நகத்திலிருந்த மிஷின் ஆயிலைப் பிரஷ்ஷால் தேய்த்து, நகத்தையும் வெட்டிக்கொண்டு வந்து இரண்டு கையையும் என் முன்னால் நீட்டிக் காட்டினார். “போதுமா?” என்றார்.

நான் துண்டை எடுத்தேன்.

எஸ்தர், அந்த நேரத்தை நான் எத்தனையோ விதமாக யோசித்து வைத்திருந்தேன். அவர் முகத்தைத் திருப்புவார், அல்லது அழுவார், அல்லது ஒன்றுமே நடக்காதது போல இருப்பார் என்று. அவர் பார்த்தார். பாத்ரூம் லைட்டுக்குக் கீழே என்னைக் கொஞ்சம் திருப்பி நிறுத்தி, அவசரப்படாமல் முழுக்கப் பார்த்தார். பிறகு கேட்டது இதுதான்.

“மேல இழுக்கறதா, பக்கத்துல நீட்டறதா?”

“பக்கத்துலீங்க. வெதுவெதுன்னு தண்ணி விட்டுக்கிட்டே.”

மக்கில் தண்ணீர் எடுத்து விட்டுக்கொண்டே, கட்டைவிரலால் தோலை அழுத்தி, கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினார். பிளாஸ்திரி வெள்ளை வெள்ளையாக இளகி விட்டுக்கொண்டு வந்தது. வலிக்கிறதா என்று கேட்டார். அந்த இடத்தில் எனக்கு உணர்ச்சி கிடையாது, தொட்டாலும் தெரியாது என்றேன். அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

“தெரியாதா? எப்பருந்து?”

“ஆப்பரேசன்ல இருந்தேங்க.”

அது அவருக்குத் தெரியாது. நான் எப்போது சொன்னேன்? அவர் எப்போது கேட்டார்? பிளாஸ்திரி முழுக்க வந்த பிறகு, கொடியைத் தொடாமல், அதற்குக் கீழே தோலில் ஒரு விரலை வைத்தார்.

“இங்க தெரியுதா?”

“இல்லீங்க.”

இன்னும் கீழே வைத்தார். “இங்க?”

“இல்லீங்க.”

விலா எலும்புக்கு நகர்த்தினார். “இங்க?”

“ம். தெரியுதுங்க.”

அந்த இடத்திலேயே விரலை வைத்துக்கொண்டு நின்றார். தண்ணீர் வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது. “நீ கதவச் சாத்திக்குவ,” என்றார். “நான் தட்டலாமா, வேண்டாமான்னு எனக்குத் தெரியல புள்ள. தட்டுனா உனக்கு வெசனமாயிருமோன்னு நின்னுட்டே போயிருவேன்.”

சோப்பை எடுத்துக் கையில் கொடுத்தேன். நுரையை மட்டும் கையால் வைத்து, தேய்க்காமல் கழுவினார். பழைய துண்டு பஞ்சு விடும் என்று சொன்னதும், பீரோவிலிருந்து துவைத்து வைத்த புது பனியன் துணியை எடுத்து வந்து ஒற்றி எடுத்தார். கடைசியில்தான் படத்தைப் பற்றிச் சொன்னார். பீர்க்கம்பூவா, பூ நன்றாகத்தான் இருக்கிறது, இலைக்குத்தான் நரம்பு கொஞ்சம் கூடுதலாகப் போட்டுவிட்டார்கள் என்றார். நான் சிரித்தேன். சிரித்ததில் நெஞ்செலும்புப் பக்கம் சுரீரென்றது.

மறுநாள் சிவப்பு பாதியாகக் குறைந்தது. டாக்டரிடம் போக வேண்டி வரவில்லை. பிளாஸ்திரி இல்லாததால் காலையும் மாலையும் கழுவி, உலர்த்தி, நிவேதா கொடுத்த களிம்பை இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்கு மெல்லிசாகப் பூச வேண்டும். எனக்கு எட்டாத இடம் அவர் வேலையாகிவிட்டது. நிறையப் பூசிவிடுவார். துடைத்து எடுங்கள் என்பேன். பிறகு தோல் உரிந்தது. மஞ்சளும் பச்சையுமாகச் சிம்பு சிம்பாக வந்தபோது படமே போய்விட்டது என்று பயந்தார். அடியில் நிறம் அப்படியே இருந்தது.

கம்பெனி திறந்தபோது புண் முழுக்க ஆறியிருக்கவில்லை. உள்ளாடையும் பஞ்சுப் பையும் போட முடியாது. லீவை நீட்டிக் கேட்கலாமா என்று யோசித்தேன். அப்புறம், பஞ்சு பறந்து ஒட்டாமல் இருக்கக் கழுத்துவரை மூடிய தளர்ந்த சட்டையைப் போட்டுக்கொண்டு, அப்படியே தட்டையாகப் போய்விட்டேன். நாள் முழுக்கச் செக்கிங் டேபிளில் நின்றேன். ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, நூல் விட்டது என்று ஒன்றையும் விடாமல் பிடிக்கிற பெண்கள். என்னை ஒருத்தியும் கவனிக்கவில்லை. கவனித்தவர்கள் இருந்தால், சொல்லவில்லை. மத்தியானம் கை கழுவப் போனபோதுதான், காலையிலிருந்து துப்பட்டாவை ஒரு தடவைகூட இழுத்துவிடவில்லை என்பது தெரிந்தது.

இப்போது முழுக்க ஆறிவிட்டது. பஞ்சுப் பை மறுபடி உள்ளே வந்துவிட்டது. வெளியே போனால் வைத்துக்கொள்வேன். வீட்டில் வைப்பதில்லை. கதவையும் சாத்துவதில்லை.

ஆறியதும் ஷைனி பார்க்க வந்தாள். கொடியை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகுதான் சொன்னாள். அம்மாவுக்கு அவ்வளவு சின்ன வயசில் வந்ததால் அவளுக்கும் ரத்தம் எடுத்து, பரம்பரையாக வருமா என்று சோதித்துப் பார்ப்பது நல்லது என்று டாக்டர் சொன்னாராம். போக வேண்டும் என்று தெரிகிறது, கால்தான் வரவில்லை என்றாள்.

“எங்கம்மா மாதிரி தைரியம் எனக்கில்ல பெரியம்மா.”

உன் அம்மாவுக்கு எங்கே தைரியம், ஊசியைக் கண்டால் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாளே என்று சொன்னேன். அவளுக்கு அது தெரியாது. உன்னைப் பற்றி அவளுக்குத் தெரியாதது எனக்கு இவ்வளவு தெரிந்திருக்கிறதே என்று அன்றைக்குத்தான் எனக்கே உறைத்தது. அவளுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லுகிறேன், கோயமுத்தூர் போகிற வழியெல்லாம் பஸ்ஸில் நேரம் கிடக்கிறது.

நாள் வாங்கிவிட்டோம், எஸ்தர். அடுத்த வாரம் போகிறோம். ரிப்போர்ட் எப்படி வேண்டுமானாலும் வரட்டும். உள்ளே கூப்பிடும்போது அவள் தனியாக எழுந்து போக மாட்டாள். நான் அவளுக்கு முன்னால் எழுந்திருப்பேன். நல்லதாக வந்தால் அன்றைக்கே உன்னிடம் வந்து சொல்வோம். வேறு மாதிரி வந்தால், நீ எனக்குப் பாட்டிலைத் தூக்கி அளவு பார்த்தாயே, அந்த இடத்தில் நான் இருப்பேன்.

பக்கத்து நாற்காலியில் நீயே கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்ட உன் அக்கா,
ஷைனியின் பெரியம்மா,
மகேஸ்வரி